வள்ளலாரின் பயிரும் வி.ஏ.ஓ.வின் அடங்கலும்

வாடும் பயிரைப் பற்றி வள்ளலார் பாடிய அந்த வரியை நான் இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. தேவையும் இல்லை. நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து வடலூர் வரை பஸ்ஸில் வரும்போது அது எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடச் சுவர், கட்சி பேனர், கல்யாண மண்டபம், அரிசிக் கடைப் பை. களைக்கொல்லி விற்கிற கடையின் காலண்டரிலேயே ஒரு தடவை பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு வரி இத்தனை இடத்தில் இருந்தால் அதை யாரும் படிப்பதில்லை என்றுதான் அர்த்தம். 'ரொம்ப இளகின மனசு, பயிர் வாடினாலே தாங்க மாட்டார்' என்று ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பாட்டை நான் ஒரு மனுவாகப் படிக்கிறேன். அது வருகிற பகுதியின் தலைப்பே 'பிள்ளைப் பெருவிண்ணப்பம்'. விண்ணப்பம் என்றால் கேட்டு வாங்குவதற்காக எழுதுவது. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தவன் நான். மனு என்று வந்தால் முதலில் பார்ப்பது மனுதாரர் யார் என்பதைத்தான். இந்தப் பாட்டில் நான்கு பேர் வருகிறார்கள். வீடுவீடாகப் போய் இரந்தும் பசி தீராதவர் ஒருவர். தீராத நோயில் கிடப்பவர் ஒருவர். மானத்துக்கு அஞ்சி யாரிடமும் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே இளைத்துப் போகிற ஏழை ஒருவர். இந்த மூவருக்கும் முன்னால் நிற்பது பயிர். முதல் மனுதாரர் அதுதான்.

இந்த வரிசை தற்செயலாக வந்தது என்று நான் நினைக்கவில்லை. பயிர் வாடினால்தான் மற்ற மூவரும் உண்டாகிறார்கள். உழவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் 1823 அக்டோபர் 5 அன்று மருதூரில் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை. ஐந்தாவது பிள்ளை. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட, குடும்பம் பொன்னேரி போய், பிறகு சென்னை போனது. சென்னையில் வளர்ந்து கந்தகோட்டத்தையும் திருவொற்றியூரையும் பாடி, புலவர் என்று பேர் எடுத்த பிறகு, 1858 வாக்கில் பட்டணத்தை விட்டு நம் பக்கம் வந்துவிட்டார். கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் ஏறக்குறைய ஒன்பது வருஷம். பிறகு வடலூர், கடைசியில் மேட்டுக்குப்பம். பட்டணத்தில் படித்துப் பேர் வாங்கியவர் யாராவது திரும்பி வந்து கருங்குழியில் குடியிருப்பாரா? நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர் வந்தார், உழவர் குடும்பங்களுக்கு நடுவே இருந்தார். பயிர் வாடுவதைப் பார்த்தது இங்கேதான். கருங்குழியில் ஒன்பது வருஷம் இருந்தவருக்கு எந்த மாதத்தில் எந்த வயல் காயும் என்பது தெரியாமல் இருக்காது.

அவருடைய பாடல்களை அச்சில் கொண்டுவர இறுக்கம் இரத்தின முதலியார் பட்ட பாடு நல்ல கதை. எத்தனையோ கடிதம் எழுதியும் பாடல்கள் வரவில்லை. கடைசியில், பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று முதலியார் எழுதிவிட்டார். வள்ளலார் இளகிவிட்டார். யாரை எதைச் சொல்லி மசிய வைக்கலாம் என்பது முதலியாருக்குத் தெரிந்திருக்கிறது. அதிலும் ஒரு நிபந்தனை: தன் பேரோடு 'சாமி' என்று போடக் கூடாது, அது ஆரவாரமாக இருக்கிறது என்று சொன்னார். அந்த நிபந்தனையை நாம் எவ்வளவு காப்பாற்றியிருக்கிறோம் என்பது ஊருக்கே தெரியும்.

தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்து, முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. உடனே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு, இது அருட்பா இல்லை, மருட்பா என்று கிளம்பியது. மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனார்கள். அவர்களுக்குப் பின்னாலும் பல வருஷம் புத்தகத்துக்கு எதிர்ப் புத்தகம் என்று அச்சடித்துக் கொண்டே இருந்தார்கள். அத்தனை காகிதத்திலும் அருளா மருளா என்ற சண்டைதான். பயிரைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைக்கும் வள்ளலார் சைவரா இல்லையா, இந்துவா இல்லையா என்று டிவியில் சண்டை நடக்கிறது. எனக்கு அதில் ஒரு பக்கமும் இல்லை.

அந்த 1867ஆம் வருஷமே மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். முந்தின வருஷம் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் பஞ்சம். அடுத்த பத்து வருஷத்துக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்து தென்னாட்டையே உலுக்கியது. நடுவில் ஏற்றிய அடுப்பு அது. இன்றுவரை அணையவில்லை, மூன்று வேளையும் சோறு போகிறது. புத்தகமும் அடுப்பும் ஒரே வருஷத்தில் வந்ததைத் தமிழாசிரியர்கள் தனித்தனிப் பாடமாக நடத்துகிறார்கள். ஒரே வேலை என்று எனக்குப் படுகிறது. மனு எழுதினார், அதன் மேல் நடவடிக்கையும் அவரே எடுத்தார்.

அடுப்பு எரிந்தால் போதுமா? உலை வைக்க அரிசி வேண்டும், அரிசிக்கு நிலம் வேண்டும். தருமச்சாலைக்கும் பிறகு ஞானசபைக்கும் இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் மக்கள். 80 காணி. இன்றைய கணக்கில் 106 ஏக்கர் சொச்சம். ஒரு கவிஞனை நம்பி ஒரு ஊர் இத்தனை நிலத்தைக் கொடுத்ததாக வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. 2024இல் அந்தப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்ட அடிக்கல் நாட்டியபோது, இது எங்கள் முன்னோர் கொடுத்த இடம், வெட்டவெளியாகவே இருக்கட்டும் என்று பார்வதிபுரத்துக்காரர்கள் பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். அது வழக்காகவும் ஆனது, அதற்குள் நான் போகவில்லை. கொடுத்த கைக்கு நூற்றைம்பது வருஷம் கழித்தும் நினைவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய உரைநடையை நம்மவர்கள் படிப்பதில்லை. 'சீவகாருண்ய ஒழுக்கம்' என்ற அந்தச் சின்னப் புத்தகத்தை ஒவ்வொரு உழவர் வீட்டிலும் வைத்திருக்க வேண்டும். பசி வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று டாக்டர் போல ஒவ்வொன்றாக எழுதுகிறார். அதே புத்தகத்தில் ஒரு நல்ல கேள்வியைத் தானே எழுப்பிக் கொள்கிறார். புல், மரம், நெல் இவையும் உயிர்தானே, அப்படியானால் மரக்கறி சாப்பிடுவதும் கொலை இல்லையா? அவை ஓரறிவு உயிர்கள் என்று ஒத்துக்கொண்டே பதில் சொல்கிறார். விதை, காய், கனி, இலை இவற்றை எடுப்பது நகமும் முடியும் களைவது போல, செடியையே அழிப்பது வேறு. விதையில் உயிர் இனிமேல்தான் வந்து சேர வேண்டும், மண்ணும் நீரும் கூடி அது முளைக்கும்போது வருகிறது என்பது அவர் வாதம். தாவரவியல் படித்தவர்கள் இதில் குறை சொல்லலாம். உழவன் பார்வையில் இது ரொம்பச் சரியான கோடு. கதிர் முற்றி அறுத்தால் அது அறுவடை. பால் பிடிப்பதற்கு முன்னால் வயலுக்குள் இயந்திரத்தை விட்டால் அதற்குப் பேர் வேறு.

இனி அவர் நடந்த மண்ணுக்கு அடியில் இருந்ததைப் பற்றி. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்து அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. அதற்கு 61 வருஷம் கழித்து, 1935இல், ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. ரஷ்யர்கள் அனல் மின் நிலையம் கட்டக் கை கொடுத்தார்கள், ஜெர்மனியில் இருந்து ராட்சசச் சக்கர இயந்திரங்கள் வந்தன. முந்திரியும் பலாவும் நின்ற செம்மண் காட்டில் வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. நிழல் சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி. திருவருட்பா உரையைக்கூட அந்தக் கண்காட்சியில் வாங்கலாம். குறை சொல்ல வேண்டும் என்பதற்காக நல்லதை மறைக்க மாட்டேன். ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து உயிரைக் கொடுத்த இயக்கத்தின் வழியில் வந்தவர்கள் நாம். நம் பம்புசெட்டில் ஓடுகிற இலவச மின்சாரத்திலும் நெய்வேலிக் கரியின் பங்கு உண்டு.

ஆனால் இந்தக் கரி சும்மா வராது. மேலே கிடக்கிற மண்ணையெல்லாம் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு வழித்து எடுத்தால்தான் கரி தெரியும். அதற்கும் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்துக் கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆக மேல்மண்ணும் போகிறது, நிலத்தடி நீரும் போகிறது. உழவனுக்கு இந்த இரண்டையும் விட்டால் வேறென்ன சொத்து? நெய்வேலி வடலூர் சாலையில் போனால் தூரத்தில் மலை மாதிரி தெரிகிறதே, அது மலை இல்லை. புரட்டிக் கொட்டிய மண். அதன் மேல் மரம் வளர்த்திருக்கிறார்கள், பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கிறது. நெல் விளைகிற ஒரு சாண் மேல்மண் அந்தக் குவியலில் எந்த ஆழத்தில் புதைந்து கிடக்கிறதோ.

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட, போலீஸ் பாதுகாப்போடு மண் அள்ளும் இயந்திரங்கள் நெல் வயலுக்குள் இறங்கின. கதிர் வருகிற நெல். நிலத்தைப் பல வருஷத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது, பயிர் வைக்காதீர்கள் என்று சொல்லியும் இருந்தோம் என்பது நிறுவனத்தின் வாதம். பச்சை நெல்லை இயந்திரம் புரட்டுகிற படத்தைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. பார்த்து அழுததாக உயர்நீதிமன்ற நீதிபதியே கோர்ட்டில் சொன்னார். கடைசியில் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு என்று உத்தரவானது.

அந்த வாரம் முழுக்க எங்கே பார்த்தாலும் வள்ளலார் வரிதான். எல்லாக் கட்சிக்காரர்களும் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகு என்ன ஆச்சு? ஒரு சட்டப்பிரிவு வந்ததா, ஒரு அரசாணை வந்ததா? அடுத்த தடவை கதிர் வருகிற வயலுக்குள் இயந்திரம் இறங்காது என்பதற்கு ஒரு காகிதம் உண்டா? அந்த வருஷம் ஏப்ரலில்தான் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என்ற மூன்று நிலக்கரிப் பகுதிகளை, எதிர்ப்பு கிளம்பியதும், ஏலத்திலிருந்து எடுத்தார்கள். சத்தம் போட்டால் வேலை நடக்கிறது. அந்தச் சத்தத்தை வளையமாதேவிப் பயிருக்காக எழுத்தில் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு அமெரிக்கக் கவிஞரை அழைத்து வருகிறேன். ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நம் வாசகர்கள் அநேகம் பேர் படித்தது. அது 1978இல் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவர் வெண்டல் பெர்ரி. யார் இவர் என்று தேடிப் போனபோது எனக்கு வள்ளலார் ஊர் ஞாபகம்தான் வந்தது. 1934இல் கென்டக்கி மாநிலத்தில் ஹென்றி கவுண்டி என்ற உழவர் பகுதியில் பிறந்தவர். நன்றாகப் படித்து நியூயார்க்கில் பேராசிரியராக இருந்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் ஊருக்கே திரும்பி, ஆற்றங்கரைச் சரிவில் நூறு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான நிலத்தில் பயிர் செய்துகொண்டு கவிதை எழுதியவர். பட்டணத்தை விட்டுக் கருங்குழிக்கு வந்த கதைதான். குதிரை கட்டி உழுதார், ஆடு வளர்த்தார், கம்ப்யூட்டர் வாங்க மாட்டேன் என்று ஒரு கட்டுரையே எழுதினார். 1977இல் வந்த அவருடைய 'அமெரிக்காவின் நிலைகுலைவு' என்ற புத்தகம், அங்கே ரசாயன விவசாயமும் பெரிய கம்பெனிகளும் சிறு உழவனை எப்படித் துடைத்து எறிந்தன என்று விரிவாகச் சொல்கிறது. துறவி இல்லை, அடுப்பு ஏற்றவில்லை. வள்ளலாரோடு சமமாக நிறுத்த நான் வரவில்லை. கவிதையைச் சட்டத்தின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிற வேலை அங்கே எப்படி நடந்தது என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறேன்.

கென்டக்கியின் கிழக்கு மலைகளில் நிலக்கரி இருக்கிறது. பாட்டன் காலத்தில் படிப்பறிவில்லாத மலை உழவர்களிடம் கம்பெனி ஏஜெண்டுகள் அற்பக் காசு கொடுத்து, நிலத்துக்கு அடியில் உள்ளது மட்டும் எங்களுக்கு என்று பத்திரம் எழுதி வாங்கிப் போனார்கள். அப்போது குகை தோண்டி எடுக்கிற காலம். பிறகு புல்டோசர் வந்தது. அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளதை வழிக்கவும் இந்தப் பத்திரமே போதும் என்று கம்பெனிகள் சொல்ல, கோர்ட்டும் ஒத்துக்கொண்டது. 1965 நவம்பரில் ஆலி கோம்ப்ஸ் என்ற 61 வயது விதவை தன் நிலத்தில் புல்டோசருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். போலீஸ் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போகிற படம் பத்திரிகைகளில் வந்து நாட்டையே கலக்கியது. அவர்கள் பொங்கல் மாதிரி கொண்டாடுகிற நன்றி நாளை அந்த அம்மா ஜெயிலில் கழித்தார்.

பெர்ரி இந்தச் சுரங்கங்களைப் போய்ப் பார்த்து அறுபதுகளிலேயே எழுதினார். அவர் நிலம் அந்தப் பகுதியில் இல்லை, ஆனாலும் எழுதினார். அவர் எழுதியதால் சட்டம் வந்தது என்று சொன்னால் அது பொய். அந்த விதவை மாதிரி நிறையப் பேர், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், அவர்களோடு எழுத்தாளர்களும் சேர்ந்து தள்ளியதில் 1977 ஆகஸ்டில் அமெரிக்க நாடு முழுக்க மேற்பரப்புச் சுரங்கச் சட்டம் வந்தது. அந்தப் பத்திர அநியாயத்தையும் 1988இல் கென்டக்கி மக்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத் திருத்தமாக ஒழித்தார்கள்.

1977 சட்டத்தில் ஒரு வங்கிக்காரன் ரசிக்கிற விஷயம் இருக்கிறது. மேல்மண்ணைத் தனியாக எடுத்துத் தனியாக வைக்க வேண்டும், வேலை முடிந்ததும் மேலேயே திரும்பப் போட வேண்டும். நல்ல விளைநிலமாக இருந்தால், சுரங்கம் தோண்டாத பக்கத்து நிலத்தில் என்ன விளைகிறதோ அதே அளவு இங்கும் விளைந்து காட்ட வேண்டும். காட்டுகிற வரைக்கும் கம்பெனி கட்டிய ஜாமீன் தொகை முழுதாகத் திரும்ப வராது. நாம் ஒரு உழவனுக்கு ஐம்பதாயிரம் பயிர்க்கடன் கொடுக்க பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, ஜாமீன்தாரர் என்று எத்தனை கேட்கிறோம்! கம்பெனியிடம் அங்கே விளைச்சலையே ஜாமீனாகக் கேட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2009இல் இருந்து நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும் அதற்கான எஸ்க்ரோ கணக்கும் உண்டு. ஆனால் பக்கத்து வயல் விளைச்சலோடு ஒப்பிட்டுப் பணத்தை விடுவிக்கிற கணக்கு அதில் இல்லை.

சட்டம் வந்ததும் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. மலை உச்சியையே வெட்டித் தள்ளுகிற முறைக்குச் சட்டத்தில் சந்து இருந்தது, கம்பெனிகள் அதில் புகுந்தன. 2011 பிப்ரவரியில், 76 வயதில், பெர்ரி சில தோழர்களோடு மாநில ஆளுநர் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்து, சனி ஞாயிறு முழுக்க அங்கேயே இருந்தார். அதற்கு முன்பே, நிலக்கரிப் பணத்தில் விளையாட்டு வீரர்களுக்கு விடுதி கட்ட ஒப்புக்கொண்ட பல்கலைக்கழகத்தில் இருந்து தன் கையெழுத்துப் பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் படித்த பல்கலைக்கழகம் அது. தன் வரி வெறும் அலங்காரமாகத் தொங்குவதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

வள்ளலார் இன்று வந்து உட்கார முடியாது. அவர் மனுவை நாம்தான் கொண்டு நடக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்கிற காகிதம். அடங்கல் என்பது அந்த சர்வே எண்ணில் இந்தப் போகம் என்ன பயிர் உயிரோடு நிற்கிறது என்று சொல்கிற காகிதம். இரண்டும் ஒரே வி.ஏ.ஓ.விடம்தான் இருக்கின்றன. சட்டமும் கம்பெனியும் பட்டாவை மட்டும் படிக்கின்றன. வள்ளலார் அடங்கலைப் படித்தார். நாம் கேட்க வேண்டிய சட்டப்பிரிவு ரொம்பச் சின்னது: பட்டா யார் பேரில் இருந்தாலும், வயலில் நிற்கிற பயிர் அடங்கலில் ஏற வேண்டும். ஏறிய பயிர் அறுவடை ஆகும்வரை, எந்தத் திட்டத்துக்காகவும் எந்த இயந்திரமும் அந்த வயலுக்குள் இறங்கக் கூடாது. நிலம் வேண்டும் என்றால் விதைப்புக்கு முன்னால் தேதி போட்டு எழுத்தில் சொல்லுங்கள்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், அவரும் கணக்கு தெரிந்தவர்தான், "அப்புறம் வேணும்னே திரும்பத் திரும்ப விதைச்சுக்கிட்டே இருப்பாங்க சார், திட்டம் எப்படி நடக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. தேதியைப் போகத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு விதைத்தது இந்தப் பாதுகாப்பில் வராது என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த அறிவிப்பு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனியாக, உழவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். பொத்தாம் பொதுவாக 'பயிர் வைக்காதே' என்று பல வருஷம் சொல்லிக்கொண்டே இருப்பது அறிவிப்பு ஆகாது. வருஷக்கணக்காக நிலத்தை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறவர்களுக்கு, குறுவைக்கு ஒரு 120 நாள் பொறுக்க முடியாதா? சும்மா கிடக்கிற நிலத்தில் ஒரு போகம் விளைந்தால் யாருக்கு நஷ்டம்?

இதோடு மேல்மண்ணைத் தனியாகப் பிரித்து வைப்பதையும், விளைச்சலை ஜாமீனாகக் கேட்பதையும் சேர்த்து, சுரங்கம் நெருங்குகிற ஒவ்வொரு ஊராட்சியிலும் வரும் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும் என்பது என் யோசனை. தீர்மானத்தின் தலைப்பில் வள்ளலார் பேரைப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 'சாமி' மட்டும் வேண்டாம்.

கம்பெனியைக் கேட்டுவிட்டு நம்மைக் கேட்காமல் விட்டால் நியாயமில்லை. வள்ளலார் மூலிகைகளின் குணங்களைப் பட்டியல் போட்டு வைத்தவர். தினமும் செய்ய வேண்டியவை என்று அவர் எழுதிய நித்திய கரும விதியில், காலையில் சாப்பிடச் சொல்கிற பொடிக்கு என்ன சேர்கிறது? கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம். சீரகத்தை விடுங்கள், அது கடைச் சரக்கு. மற்ற மூன்றும் எங்கே முளைக்கின்றன? கரிசாலை நெல் வரப்பில், தூதுவளையும் முசுமுசுக்கையும் வேலியில். அந்த வரப்பிலும் வேலியிலும்தான் நம் ஆட்கள் கிளைபோசேட் அடிக்கிறார்கள். கூலி ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான், எனக்கும் கிடைப்பதில்லை. ஆனால் அடித்துக் கருகிக் கிடக்கிற வரப்பில் நின்றுகொண்டு சுரங்கத்தைப் பார்த்து வள்ளலார் பாட்டுப் பாடினால் யார் காதில் ஏறும்? எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா வரப்புக் கரிசாலையை அறுத்துக் கட்டுக்கட்டாக வடலூர் கடைகளுக்குக் கொடுக்கிறார். பூச நாளுக்கு நல்ல விற்பனை. வருகிற சன்மார்க்கத்துக்காரர்களுக்குப் பொடி வேண்டியிருக்கிறது, அந்தச் செடிக்கு மருந்தடிக்காத வரப்பு வேண்டியிருக்கிறது.

தருமச்சாலை அரிசியும் இதே கணக்கில்தான் வரும். நாடு முழுக்கப் பக்தர்கள் மூட்டை மூட்டையாகக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் கடையில் வாங்கியது. பசித்தவனுக்குப் போடுகிற சோற்றில் மருந்து இல்லாமல் இருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டாமா? சொல்ல உரிமை உள்ளவர்கள் இந்த இதழைப் படிக்கிற நாம்தான். நம்மில் யாரும் ஐம்பது மூட்டை கொடுக்கப் போவதில்லை. ஆளுக்கு ஒரு மரக்கால், முடிந்தவர் ஒரு மூட்டை.

தைப்பூசத்துக்கு ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுகிற அன்று கூட்டம் தாங்காது. அதனால் அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது. கிச்சிலிச் சம்பாவோ சீரகச் சம்பாவோ, எதுவாக இருந்தாலும் நன்றாகக் காயவைத்து, புழுங்கல் அரிசியாகக் கொடுங்கள், அங்கே சமையலுக்கு அதுதான் தோது. மூட்டையின் மேல் ஊர் பேர், நெல் ரகம், சர்வே எண் மூன்றையும் மையில் எழுதுங்கள். போன தடவை என் மூட்டையை இறக்கியவர், "எதுக்குங்க ஐயா சர்வே நம்பரெல்லாம்?" என்று கேட்டார். அடுத்த வருஷமும் இதே நம்பரில் அரிசி வருதா பாருங்க என்றேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் நான்கைந்து உழவர்கள் இந்த வருஷம் சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு டாட்டா ஏஸ் பேசினால் வாடகையைப் பிரித்துக் கொள்ளலாம்.